புட்டு, சம்பல், சொதி

வரவேண்டிய பந்து வராமல் போவது எப்படி இருக்கும் என்பது கட்சராகக் குந்தியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். பேஸ்போலில் மட்டையோடு நிற்பவருக்குப் பின்னால், முகத்தில் இரும்புக் கூடும் நெஞ்சில் கவசமும் கட்டிக்கொண்டு, பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பதுதான் கட்சரின் வேலை. பந்து புறப்பட்டதுமே கையுறைக்குள் இருக்கும் உள்ளங்கை அந்த அடிக்குத் தயாராகிவிடும். அடி விழாமல், கண்ணுக்கு முன்னால் மட்டை குறுக்கே வந்து பந்தைக் கொண்டுபோனால் கை ஒரு கணம் ஏமாந்துபோய் நிற்கும். என் கடைசி ஆட்டத்தன்று, ஒரு கோடைகால ஞாயிறு பிற்பகலில், என் கை ஏமாந்துகொண்டே இருந்தது. எங்கள் பிட்சர் நன்றாகத்தான் எறிந்தான். வேகமாக எறிந்தாலும் அடித்தார்கள். வளைத்து எறிந்தால், அது வளைந்து வரும் இடத்தை முன்கூட்டியே பார்த்துவைத்தவர்கள் போலக் காத்திருந்து அடித்தார்கள். எதிரணியின் பெஞ்சுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர் கோச் அண்ணை. அதற்கு முந்திய பருவம் வரைக்கும் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் அதேமாதிரிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றவர்.

அணியில் எல்லோருக்கும் அவர் கோச். நான் ஒருத்திதான் அண்ணை என்று கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்காக எல்லே விளையாடியவர். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டம் சுற்றி ஓடும் அந்த விளையாட்டைத் தவிர வேறு எதுவும் தலையில் ஏறவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எண்பதுகளில் அகதியாக ஜேர்மனிக்கு வந்தபோது, அவரைத் தங்கவைத்த விடுதிக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படையினரின் குடியிருப்பும் ஒரு மைதானமும் இருந்தன. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வெளியே வந்து விழுந்த பந்தை எடுத்து எறிந்தார். அது மைதானத்தின் மறுகோடியில் நின்றவனின் கையில் நேராகப் போய் விழுந்தது. உள்ளே வரச் சொன்னார்கள். முதல் ஆட்டத்திலேயே மானம் போனது. எல்லேயில் ஓடுகிறவனின் மேல் பந்தை எறிந்து அடித்தால் அவன் ஆட்டமிழப்பான். பேஸ்போலில் அப்படி இல்லை என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. "முதுகில சரியாப் பட்டிட்டுது தங்கச்சி. நான் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளுறன். அவன் முதுகைத் தடவிக்கொண்டு என்னை அடிக்க ஓடி வாறான்." இந்தக் கதையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்வார். சொல்லும்போது துள்ளியும் காட்டுவார்.

அந்தத் துள்ளலில் இருந்து அவர் எங்கேயோ போய்விட்டார். ஜேர்மனியில் பேஸ்போலுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று சொன்னால் சிரிக்கிற காலம் அது. அப்படிச் சம்பளத்துக்கு ஆடிய முதல் சிலருள் அவரும் ஒருவர். தெற்கே ஒரு கழகம் அவருக்கு இருக்க அறையும் கொடுத்து, பெயர் போட்ட மேலாடையும் கொடுத்தது. அவருடைய நீண்ட பெயரை முதுகில் அச்சிட இடம் போதாமல் பாதியில் வெட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்களில் அநேகம் பேர் உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் பந்தடித்துச் சாப்பிடுகிறார் என்றால் அதை யார் நம்புவார்கள்? அவருடைய சொந்தத் தமையனே நம்பவில்லையாம். பிறகு முழங்கால் பழுதானது. ரைன் கரையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

நான் அந்த அணியில் சேர்ந்ததே அவரால்தான். ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் அணி அது. வீட்டில் கேட்டபோது அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அடுத்த சனிக்கிழமை அண்ணை கட்சரின் முகக்கூட்டையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கவலை முழுக்க என் பல்லில் இருந்தது. "பல்லுப் போனா இவளை ஆர் கட்டுவான்?" என்று கேட்டார். "அக்கா, இந்தக் கூட்டுக்குள்ள பல்லு மட்டுமில்லை, மூக்குத்தியும் பத்திரம்" என்று அண்ணை சொல்ல, அம்மா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். அப்பாவிடம் அவர் அதிகம் பேசவில்லை. "பிள்ளை என்ர பொறுப்பு அண்ணை" என்று மட்டும் சொன்னார். ஊரில் எந்தப் பக்கம், எந்தக் குறிச்சி, யாருடைய மகன் என்றெல்லாம் விசாரித்துத் திருப்தியான பிறகு அப்பா தலையை ஆட்டினார். எங்கள் வீடுகளில் ஒரு சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

இனி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். பிட்சர் அடுத்து எறியப்போவது வேகப்பந்தா, வளைபந்தா, மெதுபந்தா என்பதுதான் பேஸ்போலின் பெரிய இரகசியம். அடிப்பவனுக்கு அது முன்னதாகத் தெரிந்தால், எப்பேர்ப்பட்ட பிட்சரும் அன்றைக்கு முடிந்தான். ஆகவே எல்லா அணிகளும் தொப்பியைத் தொட்டு, மூக்கைச் சொறிந்து, தொடையைத் தட்டிச் சைகை காட்டும். அதை எதிரணி உற்று உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கும். எங்கள் அண்ணைக்கு மூக்குச் சொறிகிற வேலையே பிடிக்காது. பெஞ்சில் நின்று வெளிப்படையாக, தொண்டை கிழியத் தமிழில் கத்துவார். சொற்கள் மூன்றும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. புட்டு என்றால் வேகம். சம்பல் என்றால் வளைவு. தேங்காய்ப்பால் விட்ட சொதி என்றால் மெது. நான் அதைக் கேட்டு, குந்தியிருந்தபடி விரலால் பிட்சருக்குக் காட்டுவேன். இடைக்கிடை வெறும் ஏமாற்றுக்கு, கடை ரொட்டியையும் சேர்த்து, "பாணும் வாங்கிக்கொண்டு வாரும்!" என்றும் கத்துவார். எதிரணிக்காரர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். காது இருந்தும் பயனில்லை.

ஒருமுறை ஆஹென் நகரத்தில் இருந்து வந்த அணியில், தமிழ்நாட்டில் இருந்து பொறியியல் படிக்க வந்த பையன் ஒருவன் மட்டையோடு நின்றான். அண்ணை "சம்பல்!" என்று கத்தியதும் என் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்க தமிழா? சீரியஸா கேக்குறேன், இது லஞ்ச் ஆர்டரா?" என்றான். நான் கூட்டுக்குள் சிரித்த சிரிப்பில் பந்தைத் தவறவிடப் பார்த்தேன். பாவம், அவனும் அடிக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு அண்ணை அவனைக் கூட்டிக்கொண்டு போய் உண்மையிலேயே புட்டும் சம்பலும் வாங்கிக் கொடுத்தார். இரகசியத்தை மட்டும் சொல்லவில்லை. போகப்போக அந்த மூன்று சொற்களும் அணி முழுவதற்கும் பழகிவிட்டன. ஜேர்மன் பிள்ளைகள் வெற்றி பெற்றால் மதுச்சாலையில் மேசையைத் தட்டி "புட்டு! புட்டு!" என்று கத்துவார்கள். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியாது. வீட்டில் அம்மா அவித்த புட்டை வகுப்புக்குக் கொண்டுபோக வெட்கப்பட்ட சிறுமி நான்.

பிறகு அண்ணை போனார். வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகம் அவரை முழுநேரப் பயிற்சியாளராகக் கேட்டது. அவருடைய மனைவிக்கும் அங்கேதான் வேலை. அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். மனிதர் எத்தனை வருடம் ரயிலிலேயே வாழ்வது? ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியும் எங்கள் பிரிவிலேயே ஆடியது. எங்கள் அணிக் கூட்டத்தில் பிள்ளைகள் முதல் வேலையாக, சைகைச் சொற்களை மாற்றவேண்டும் என்றார்கள். ஒருவர் அணியைவிட்டுப் போனால் அன்றைக்கே சைகையை மாற்றவேண்டும், அது யாராக இருந்தாலும் சரி என்பது அண்ணையே எங்களுக்குச் சொல்லித் தந்த சட்டம். அவர்கள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"சொல்லுகளை மாத்தட்டோ அண்ணை?"

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. "என்ன தங்கச்சி, என்னை நம்பேலாதோ? அது எங்கட வீட்டுக் கதையெல்லோ. நான் அதை வெளியில குடுப்பனோ? மாத்தாதையும்."

அதற்குப் பிறகு எப்படி மாற்றுவது? மாற்றினால் அவருடைய முகத்தில் அடித்தமாதிரி. எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, அப்பாவுக்கு வாக்குக் கொடுத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். ஜேர்மன் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சட்டம் சட்டம்தானே, இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கடைசியில் எங்கள் பிட்சர்தான் எனக்காகப் பேசினான். வெஸ்ட்பாலியாக் கிராமத்துப் பையன், அதிகம் பேசாதவன், எறிந்தால் காற்றுக் கிழியும். "இவள் சொன்னால் எனக்குப் போதும். எறிகிறவன் நான்தானே" என்றான். அத்தோடு பேச்சு முடிந்தது.

முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எப்படிப்பட்ட நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அது அவனுடைய கடைசி செமஸ்டர். சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் ஒரு கழகத்தில் இருந்து ஒருவர் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நன்றாக எறிந்தால் அங்கே இடம், இல்லையென்றால் இல்லை. அன்று எங்கள் பெஞ்சில் நின்று கத்தியவன் துணைப் பயிற்சியாளனாக இருந்த ஒரு மாணவன். அவன் வாயில் சம்பல் 'ஸாம்பால்' ஆகிவிடும். அவன் கத்துவான், உடனே எதிர்ப் பெஞ்சில் அண்ணை ஒருமுறை கை தட்டுவார், அல்லது தட்டாமல் இருப்பார், அல்லது சும்மா தரையில் துப்புவார். முதலில் நான் கவனிக்கவில்லை. அவருடைய ஆட்களை உற்சாகப்படுத்துகிறார் என்றே நினைத்தேன். எங்கள் பிட்சரின் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலிக்கு மேலால் போகத் தொடங்கிய பிறகுதான் நான் அந்தக் கை தட்டலைக் கவனிக்கத் தொடங்கினேன்.

சோதித்துப் பார்த்தேன். இடைவேளை கேட்டு எங்கள் மாணவனிடம் ஓடிப்போய், அடுத்தது சம்பல் என்று கத்து என்றேன். திரும்பி வந்து குந்தி, விரலால் பிட்சருக்கு வேகப்பந்தைக் காட்டினேன். "ஸாம்பால்!" என்ற சத்தம் வந்தது. அண்ணை கை தட்டினார். அடிப்பவன் வளைவுக்காகக் காத்திருந்தான். பந்து நேராக வந்து என் கையுறைக்குள் படீரென்று விழுந்த பிறகுதான் அவனுடைய மட்டை அசைந்தது. நான் முகக்கூட்டைக் கழற்றிவிட்டு எதிர்ப் பெஞ்சைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து மறுபடி கட்டத் தொடங்கினார். அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. கழகத்தில் இருந்து வந்திருந்த மனிதர் எழுந்து சட்டைப்பையில் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து இரு அணிகளும் வரிசையாகக் கை குலுக்கும்போது அவருடைய மாணவர்கள் அவரைத் தூக்காத குறை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எங்கள் பிட்சர்தான் அவரைக் கேட்டான். வெள்ளையாகக் கேட்டான், படிக்கிற பிள்ளை ஆசிரியரைக் கேட்பதுபோல. அண்ணை தன்னுடைய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். வளைபந்து எறிய முன்னர் உன் மணிக்கட்டு கொஞ்சம் உள்ளே திரும்புகிறது, சம்பளத்துக்கு ஆடியவன் கண்ணுக்கு அது போதும் என்று நல்ல ஜேர்மனில் சொன்னார். கிளம்பப் பார்த்த அந்தக் கழகத்து மனிதரும் பக்கத்தில் வந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக் காட்டிக்கொடுக்கும் பிட்சரை எந்தக் கழகம் எடுக்கும்? எங்கள் பிட்சர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே வைத்து உண்மையைச் சொன்னேன். கை தட்டினதைச் சொன்னேன், சோதித்ததைச் சொன்னேன். சிலர் கோச் அப்படிச் செய்யமாட்டார் என்றார்கள். மற்றவர்கள் கேட்டது இன்னும் மோசம். மாற்றவேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீதானே, உனக்கு முன்பே தெரியுமா என்றார்கள். நீங்கள் இருவரும் உங்கள் மொழியில் வேறென்ன பேசி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். மேசையைத் தட்டிப் புட்டு என்று கத்தியவள் அவள். எங்கள் பிட்சர் கத்தவில்லை. ஒன்று என் கை பிழை, அல்லது நீ பிழை, எது என்று அவரே சொல்லட்டும் என்றான். அந்தக் கழகத்துக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழைய ஆட்டக்காரர் என்று அவருடைய பேச்சுக்கு அங்கே மதிப்பிருந்தது.

நான் அவருடைய நகரத்துக்கு ரயில் ஏறிப் போனேன். மைதானத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். கோபப்படக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயும், வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது. வென்றது உங்களுக்கே இருக்கட்டும், அவனுக்கு மட்டும் ஒரு வசனம் சொல்லுங்கோ, உன்ர கையில பிழையில்லை எண்டு சொல்லுங்கோ, வேறொன்றும் வேண்டாம் என்றேன். அவர் வலையைக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"அதைச் சொன்னா இஞ்ச என்னை என்னெண்டு நினைப்பினம் தங்கச்சி? சம்பளத்துக்கு ஆடின கண் எண்டுதானே என்னை எடுத்தவை. நான் வந்து முதல் பெரிய வெற்றி இது. அவன் பெடியன், அவனுக்கு இன்னும் காலம் கிடக்கு. எனக்கு அப்பிடியில்லை."

அப்பாவிடம் என்னைப் பொறுப்பேற்ற அதே குரல். நான் அடுத்த ரயிலில் திரும்பினேன். எங்கள் பிட்சர் மணிக்கட்டைத் திருத்துகிறேன் என்று எறியும் விதத்தையே மாற்றி, தோளைப் பழுதாக்கி, அடுத்த வருடம் விட்டுவிட்டான். என்னோடு பேசுவதை அதற்கு முன்பே விட்டிருந்தான். நான் கூட்டையும் கவசத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். வீட்டில் கேட்டதற்குப் படிப்புக் கூடிவிட்டது என்றேன். அப்பா கடைசி வரைக்கும் அவரைப் பற்றி நல்ல விதமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் நல்லா இருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் ஆளை இழந்ததைவிட, இழந்ததை வீட்டில் சொல்ல முடியாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை.

இப்போது நான் வால்டோர்ஃபில் மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறேன். இந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்த பிறகு, மோர் கொடுக்கும் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்து "தங்கச்சி!" என்று ஒரு குரல். வேட்டியும் வெறும் மேலுமாக, திருநீறு பூசிக்கொண்டு கோச் அண்ணை. தலை நன்றாக நரைத்திருந்தது. பல்கலைக்கழகம் வரும் பருவத்தோடு அவருக்கு ஓய்வு கொடுக்கிறதாம், பெரிய விழா எடுக்கிறதாம். திருவிழா பார்க்கவென்று கூட்டி வந்த இரண்டு மாணவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தி, தான் பார்த்த கட்சர்களிலேயே சிறந்தவள் இவள்தான் என்றார். மணிக்கட்டைப் பார்த்துப் பந்தைக் கண்டுபிடித்த கதையை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் நீங்களும் ஆடினீர்களா என்று ஆசையாக என்னைக் கேட்டார்கள்.

"எல்லாம் சரி, நீர் ஏன் தங்கச்சி விளையாட்டை விட்டனீர்?" என்றார் அண்ணை.

நடிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை. மனிதர் உண்மையாகவே கேட்டார். அவருக்கு அது மறந்தேபோய்விட்டது. மாணவர்கள் மோர் வாங்க முன்னால் நகர்ந்ததும், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் திரும்பச் சொன்னேன். கை தட்டினது, மணிக்கட்டு, வலை கட்டிக்கொண்டு அவர் சொன்னது, அவனுடைய தோள். இடையில் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருடைய கண் கொஞ்சம் கலங்கியதுபோலவும் இருந்தது. எனக்கு வெட்கங்கெட்ட ஒரு நம்பிக்கை வந்தது.

"இப்பவாவது அவனுக்கு ஒருக்கால் போன் எடுத்துச் சொல்லுங்கோ அண்ணை. நம்பர் நான் தேடித் தாறன். அவன்ர கையில பிழையில்லை எண்டு சொன்னாப் போதும்."

அவர் என் தோளில் கை வைத்தார். சிரித்துக்கொண்டு, பாசமாகத்தான் வைத்தார்.

"ஆள் போன அண்டைக்கே சொல்லை மாத்த வேணும் எண்டு உங்களுக்குப் பழக்கினதே நான்தானே தங்கச்சி. எல்லாத்தையும் கேட்ட நீர், அதை மட்டும் ஏன் கேக்கேல்லை?"

சுற்றிலும் அரோகராவும் மேளமும் குழந்தைகளின் ஊதுகுழலுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னை நம்பேலாதோ என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்ற மனிதரை இந்த மனிதருக்குள் தேடினேன்.

"ஏனெண்டால், நீங்கள் எங்களை விட்டிட்டுப் போட்டியள் எண்டு நான் நினைக்கேல்லை அண்ணை" என்றேன்.

அவர் அதற்கும் சிரித்தார்.